முப்பத்தாறு பேர் இயற்கை எய்தவில்லை

அவனியாபுரத்தில் சொந்த இடத்தில் இரண்டு மாடி அச்சகம் கட்டினேன். களை பறித்தே காலம் கழித்த என் அம்மாவின் பெயரை அதற்கு வைத்தேன்: பேச்சியம்மாள் ஆப்செட். எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று சொன்ன தெருவிலேயே கட்டினேன். இல்லை என்று சொன்னவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையும் பிறகு நான்தான் அடித்தேன். எங்கள் பக்கத்தில் பிளக்ஸ் மிஷினை முதலில் இறக்கியவன் நான். ஜல்லிக்கட்டுக்கு நிற்கிற பேனர்களில் பாதி ஒரு காலத்தில் என் கடைச் சரக்கு. மூன்று பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். இதில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் எனக்கு எடுத்துக் கொடுத்ததில்லை.

இன்னொன்றும் செய்தேன். போலந்து நாட்டில் ஹிட்லர் ஆட்கள் கொன்ற முப்பத்தாறு யூதர்களுக்கு மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினேன். மூன்று ஊர்ப் பகுதி, முப்பத்தாறு சுவர். இந்த நாட்டில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், வந்து கை கொடுக்கிறேன்.

எங்கள் அச்சகத்தார் சங்க ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி, தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய அச்சுக்கோப்புக் கதை ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. அந்தப் போஸ்டர்களைப் பற்றிப் போன மாதம் ஒரு புத்தகம் வந்திருக்கிறது. வழவழத் தாளில் கனமான புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். என் பெயர் இல்லை. ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயதில் காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், சிக்கந்தர் பாய் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் எழுத்துக் கோத்தேன். ஆறாம் வருடம் மிஷின் என் கையில். கற்றுக்கொண்ட கதையை எல்லோரும் நீட்டுவார்கள், நான் நீட்ட மாட்டேன். ஆனால் பாயிடம் இருந்த ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும்.

மதுரையில் ஒருவர் இறந்தால் உடல் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்னே போஸ்டர் சுவருக்கு வந்துவிட வேண்டும். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் படம், பக்கத்தில் தோற்றம், மறைவு. அதற்குக் கீழே இயற்கை எய்தினார் என்றோ இறைவனடி சேர்ந்தார் என்றோ ஒரு வரி. கடைசியில் ‘இப்படிக்கு’ என்று போட்டு மனைவி, மகன்கள், மருமகள்கள், மைத்துனர், சம்பந்தி, நண்பர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். மேலே இருப்பதை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. கீழே தன் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். விட்டுப்போனால் இழவு வீட்டிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதனால் பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதல் பிரதி எடுத்து மேஜைமேல் விரித்து வைக்க வேண்டும். இறந்தவர் வீட்டு ஆள் ஒருவர் வந்து ஒவ்வொரு பெயர்மேலும் ஆள்காட்டி விரலை வைத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நாங்கள் வாசிப்போம், விரலை மட்டும் அவர் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அழுதுகொண்டிருப்பவரைப் போய் இப்படிச் செய்யச் சொல்கிறாரே என்று முதலில் எனக்குக் கூச்சமாக இருக்கும். பாய் குரலை உயர்த்தவே மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றால் கோபம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை அவசரத்தில் நான் விரல் வைக்காத ஒரு போஸ்டரை ஓட்டப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மவுத்தான வீட்டுல நாம ரெண்டாவதா ஒரு வெனைய இழுத்து விட்றக் கூடாது, கருப்பையா. விரல் வைக்காத பேரு மிஷின்ல ஏறாது.”

அந்தச் சட்டத்தை அவரே ஒருமுறை மீறினார். அப்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், கண்மாய் மீன் ஏலத்தில் கேட்கக் கூடாதவன் ஏலம் கேட்டான் என்று எங்கள் ஆளில் ஒருவனை நாலு பேர் சேர்ந்து வெட்டிவிட்டார்கள். போஸ்டர் அடிக்க அவனுடைய அக்கா இருளாயி வந்திருந்தார். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து எல்லா அச்சகத்திலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தது: வெட்டு, கொலை என்று எதுவும் போஸ்டரில் வரக் கூடாது, வந்தால் மிஷின் ஸ்டேஷனுக்குப் போய்விடும். பாய் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். நான் கோத்தேன். ‘அகால மரணமடைந்தார்.’

இருளாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன், அவர் விரல் நகர்ந்தது. அந்த வரியில் நின்றது.

“இதுல என்ன போட்டிருக்கு, தம்பி?”

“அகால மரணம்க்கா.”

“அப்படின்னா?”

“வயசுக்கு முந்தியே போயிட்டாருன்னு அர்த்தம்.”

அவர் தம்பியின் படத்தைப் பார்த்தார். “அவனாப் போனானா? நாலு பேரு நின்னு வெட்டுனாங்கப்பா. வெட்டுனவன் பேரெல்லாம் போட வேணாம். வெட்டுனாங்கன்னாவது போட மாட்டீகளா?”

நான் பாயைப் பார்த்தேன். பாய் மை டப்பாவைப் பார்த்தார். இருளாயி அக்கா விரலை எடுத்துவிட்டார். “அப்ப இதுல நான் விரல் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். போஸ்டர் கட்டை வாங்கிப் போனது கூட வந்த சித்தப்பன். விரல் வைக்காமல் அந்த அச்சகத்தில் ஓடிய போஸ்டர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஓட்டியது நான். பாய்மேல் பழி போட மாட்டேன். அவருக்கு இருந்தது ஒரே மிஷின். எனக்கு இருந்தது இரண்டு கை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம், நிற்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்த அச்சகம், ஆப்செட், கம்ப்யூட்டர், பிளக்ஸ் எல்லாம் வந்தன. முப்பது வருடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் தோற்ற இடம் கிடையாது.

நான் ஓய்வெடுப்பதற்கு முன் கடைசியாக எடுத்த பெரிய வேலை, கோச்சடையில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து வந்தது. ஓவிய ஆசிரியை மெர்சி டீச்சர் கொண்டுவந்தார். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று போலந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த யூதர்களின் படங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வாழ்க்கையைப் படித்து, ஓவியம் வரைய வேண்டும். குடியரசு தினத்துக்கு மறுநாள் உலகம் முழுக்க அந்த மக்களை நினைக்கிற நாளாம். அன்றைக்குப் பள்ளி மதில்சுவரில் படங்களையும் பெயர்களையும் பெரிதாக வைக்க வேண்டும் என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதுவரை யூதர் என்றால் பைபிள் கதையில் வருகிறவர்கள். ஹிட்லர் என்றால் கண்டிப்பான ஆள். ஒரு தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றபோது ‘எங்கள் பள்ளியின் ஹிட்லரே, வாழ்க’ என்று பன்னிரண்டு அடிக்கு பேனர் அடித்துக் கொடுத்தவன் நான். வாத்தியாருக்கும் அதில் ரொம்பச் சந்தோஷம். மெர்சி டீச்சர் என் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னார். ஊரையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், பிள்ளைகள் கிழவர்கள் என்று பார்க்காமல், அறைக்குள் அடைத்து விஷப் புகை விட்டுக் கொன்றதை. என் மருமகள் செல்விதான் கம்ப்யூட்டரில் இருப்பவள். அவள் கை மவுசிலேயே நின்றுவிட்டது. நான் டீச்சரிடம் சொன்னேன், இவ்வளவு நடந்திருக்கிறது, வெறும் படமும் பெயரும் போதாது, எங்கள் ஊர் முறைப்படி அஞ்சலி போஸ்டராகவே அடிக்கலாம் என்று. பிள்ளைகள் வரைந்ததை ஓரத்தில் சுற்றி வைப்போம். டீச்சருக்கு அது பிடித்துப்போனது. எழுதிக்கொள்ளுங்கள், அந்த யோசனை என்னுடையது.

பெயர்களை நான் சரிபார்த்ததைப் போல எவனும் பார்த்திருக்க மாட்டான். விரல் வைக்க வீட்டு ஆள் யாரும் இல்லை. எல்லோரையும் சேர்த்தே கொன்றுவிட்டார்கள். நானே விரல் வைத்தேன். ரிவ்கா, மோஷே என்று ஒவ்வொரு பெயரையும் டீச்சரை மூன்று தடவை சொல்லவைத்துத் தமிழில் எழுதினேன். முப்பத்தாறு பெயரிலும் ஒரு புள்ளி பிசகவில்லை. மதில்சுவரில் எல்லாவற்றையும் கட்டி முடித்து எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒரு டிரைவர் சுவர் நெடுகப் படித்துக்கொண்டே வந்தான்.

“அண்ணே, யாருண்ணே இவுகள்லாம்? அம்புட்டுப் பேரும் ஒரே வருசத்துல இயற்கை எய்தியிருக்காக. காலராவா?”

டீ கிளாஸோடு ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். செல்வி வழக்கமான அச்சு வடிவத்தில் படங்களை வைத்திருக்கிறாள். அதில் இயற்கை எய்தினார் என்ற வரி தானாக வரும். நான் பெயரை மட்டுமே பார்த்திருக்கிறேன். ரிவ்காவுக்கு நாலு வயது. அந்தப் பிள்ளை இயற்கை எய்தியதாக என் அச்சகத்தின் பெயரோடு தொங்குகிறது. டிரைவரையும் கூட்டு சேர்த்துக்கொண்டு முப்பத்தாறையும் நானே கிழித்து இறக்கினேன். தப்பு என்னுடையது, செல்வி மேல் இல்லை. கடைசியாகப் பார்த்த கண் என் கண்தான்.

அடுத்த நாள் புதுப் பிரதியோடு தாளாளர் அறைக்குப் போனேன். ‘கொல்லப்பட்டார்’ என்று போட்டிருந்தேன். மெர்சி டீச்சரும் இருந்தார். தாளாளர் நல்ல மனிதர்தான், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். படித்துவிட்டு, ரோட்டைப் பார்த்த சுவர், பெற்றோர் என்ன சொல்வார்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ‘மறைந்தார்’ என்று போட்டால் மென்மையாக இருக்குமே என்றார்.

நான் ரிவ்காவின் பிரதியை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது என்று பாயின் சட்டத்தைச் சொன்னேன். “சார், இந்தப் பிள்ளை பேரு மேல விரல் வைங்க. வச்சு, ‘மறைந்தார்’னு நீங்களே வாசிங்க. ஒங்களால வாசிக்க முடிஞ்சா அப்படியே அடிச்சிர்றேன்.”

அவரால் முடியாது என்று நம்பித்தான் சொன்னேன். அவர் விரலை வைத்தார். “ரிவ்கா. நான்கு வயது. மறைந்தார்.” தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?”

எனக்கு முகம் சுண்டிப்போனது. வார்த்தை கொடுத்துவிட்டேன். ஆனால் இந்த முறை எனக்கு ஒரு மிஷின் இல்லை, நாலு மிஷின். சொந்தக் கட்டடம். நான் எழுந்துவிட்டேன்.

“சார், நான் வாக்குத் தவறுனவன்னு வச்சுக்கங்க. நாப்பது வருசமா சாவு போஸ்டர் அடிக்கிறேன். படுத்துப் போனவருக்கு ஒரு வார்த்த இருக்கு, லாரியில அடிபட்டவருக்கு ஒரு வார்த்த இருக்கு. கொன்னவனுக்குத் தோதா ஒரு வார்த்த என் கடையில இனிமே கெடையாது. வேற பிரஸ்ல அடிச்சுக்கங்க.”

மெர்சி டீச்சரும் எழுந்து, ஐயா இல்லையென்றால் ஓவியங்களும் இல்லை, பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். தாளாளர் பேனாவை மூடி வைத்தார். கடைசியில், அந்த வார்த்தையோடு என் மதிலில் வேண்டாம், வேறு எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். அவர் எங்களைத் தட்டிக்கழித்ததாக நினைத்திருப்பார். மதுரையில் சாவு போஸ்டர் ஒட்டுகிறவனிடம் போய் வேறு சுவர் பார்த்துக்கொள் என்று சொன்னால் எப்படி?

அவனியாபுரம், கோச்சடை, விளாங்குடி மூன்று இடத்திலும் வீடு வீடாக நானும் டீச்சரும் ஏறி இறங்கினோம். இங்கேதான் என்னுடைய பெரிய யோசனை வருகிறது. போஸ்டரில் ‘இப்படிக்கு’ காலியாக இருந்தது. இழவு சொல்ல ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை. அழுகிறவன் பெயர் இல்லாத போஸ்டரை நம் ஊரில் ஒருவனும் நின்று படிக்க மாட்டான். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். சுவர் கொடுக்கிற வீட்டார் தங்கள் பெயரை ‘இப்படிக்கு’ போட்டுத் தர வேண்டும். வந்து விரலும் வைக்க வேண்டும்.

முடியாது என்றவர்கள் நிறையப் பேர். உயிரோடிருக்கும்போது என் பெயரை எவனோ செத்ததில் போடுவானா என்று கதவைச் சாத்தினவர்களும் உண்டு. ஒரு கட்சிக்காரர் சம்மதித்தார், ஆனால் கும்பிட்ட கையோடு தன் படமும் ஓரத்தில் வர வேண்டுமாம். வாசலோடு திரும்பினோம். விளாங்குடியில் மாவு மில் வைத்திருக்கும் சரோஜா ரிவ்காவின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். பிறகு மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்து, “வெறும் பேரு போட்டா யாரோ எவரோ மாதிரி இருக்கும்ணே. பெரியம்மான்னு போடுங்க” என்றார்.

அதுவரை எனக்குத் தோன்றாதது அது. அதை நான் என் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது சரோஜாவுடையது. அதற்குப் பிறகு எல்லோரிடமும் உறவு கேட்டோம். தாய்மாமன் என்றார்கள், சம்பந்தி என்றார்கள், கோச்சடையில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றே போடச் சொன்னார்.

என் கடைக்கு நாலு கடை தள்ளி ஜபருல்லா பைண்டிங் கடை வைத்திருக்கிறார். எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவரிடம் போனபோது படங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இவுகளுக்கு நீ அடிக்கிற, மாப்ள. சரி. இன்னைக்கு காஸாவுல சாகுற புள்ளைகளுக்கு யாரு அடிப்பா?”

டீச்சர் தரையைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. “படம் கொண்டு வா. நான் அடிக்கிறேன். இதே சைசு, இதே வார்த்த.”

“சாக்குச் சொல்ல மாட்டியே?”

“எங்கம்மா பேருல இருக்க கடை அது.”

அவர் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து ஒன்றை எடுத்தார். மோஷே. அந்த ஊரில் புத்தகம் பைண்டிங் செய்தவர். உறவு என்ன போட என்று கேட்டேன். “தொழில் கூட்டாளின்னு போடு” என்றார். சொன்னபடி அவர் படங்கள் கொண்டுவந்தார். சொன்னபடி அடித்தேன். அவற்றுக்காக இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டும் வந்தேன். போனது நான்தான், வேறு யாரும் இல்லை.

அந்த நினைவு நாளில் முப்பத்தாறு சுவரிலும் போஸ்டர் இருந்தது. ஜனங்கள் நின்று படித்தார்கள். மேலிருந்து கீழே படித்துவிட்டு, மில்லுக்காரம்மாவுக்கு வெளிநாட்டில் பிள்ளை இருந்ததா என்று சரோஜாவிடமே போய்க் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார். இரண்டு மழைக்கு அப்புறமும் அந்தப் போஸ்டர் கிழியாமல் இருந்தது. அதன்மேல் வேறு போஸ்டர் ஒட்ட அவர் விடவில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். மதுரையில் செய்த இந்த முறையை அறக்கட்டளை மற்ற ஊர்களுக்கும் எடுத்துப் போகிறதாம். நல்லது. முதல் பக்கத்தில் தாளாளர் படம். மெர்சி டீச்சர் பெயர் பொடி எழுத்தில். சுவர் கொடுத்தவர்கள் ‘பொதுமக்கள்’. நான் ‘உள்ளூர் அச்சகத்தாரின் உதவி’. போஸ்டர்களைப் படம் பிடித்தவர்கள் கீழே கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். போஸ்டரில் அடித்தவன் பெயரும் ஊரும் இல்லாமல் ஒட்டக் கூடாது என்பது சட்டம், அந்த வரியைத்தான் வெட்டியிருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ரிவ்காவுக்குக் கீழே ‘உயிர்நீத்தார்’ என்று இருக்கிறது. முப்பத்தாறுக்கும் அப்படியே.

மெர்சி டீச்சருக்குப் போன் செய்தேன். அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது, பாவம், அழுதுவிட்டார். அடுத்த பதிப்பில் நன்றியுரையில் ஐயா பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். எனக்கு நன்றி வேண்டாம். நன்றி யாருக்கு வேண்டும்? நான் கேட்பது வேலைக்கான பெயர். என் பெயரை மட்டும் போட்டு ‘உயிர்நீத்தார்’ என்று விட்டுவைத்தால் அதைவிட எனக்கு அவமானம் இல்லை, அப்படியானால் போடாதீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு என் வார்த்தையைத் திருப்பி வையுங்கள். வைத்தபின் என் பெயரைப் போடுங்கள். அதை எதிர்த்து யாராவது கேள்வி கேட்டு வந்தால் பள்ளிக்கோ டீச்சருக்கோ போக வேண்டியதில்லை, நேரே என்னிடம் வரட்டும். அச்சடித்தவன் பெயரைப் போடச் சொல்வது அதற்காகத்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, வெட்டிய இடத்தில், நான் சொல்கிறபடி ஒரு எழுத்து மாறாமல் வர வேண்டும்:

‘கொல்லப்பட்டார் என்று எழுதியவர், அச்சிட்டவர், ஒட்டியவர்: பெ. கருப்பையா, ஐந்தாம் வகுப்பு, பேச்சியம்மாள் ஆப்செட், அவனியாபுரம், மதுரை.’